ஒவ்வாமை மருந்தும் பொட்டாசியமும்: ஓர் ஆராய்ச்சி

இருதய பலவீனத்துக்காகவோ இரத்த அழுத்தத்துக்காகவோ நெடுங்காலமாக நீர் மாத்திரை உட்கொண்டு, அதனால் தேகத்திலிருந்து கழிந்துபோகும் பொட்டாசியத்தை ஈடுசெய்யும் பொருட்டு வைத்தியர் எழுதிக்கொடுத்த பொட்டாசியம் குளோரைடையும் தவறாமல் சாப்பிட்டு வருகிற ஒருவருக்கு, ஒரு நாள் உடம்பெங்கும் காணாக்கடி தடித்து எழும்பினால், அல்லது மார்கழிப் பனியில் தும்மலும் மூக்கொழுக்கும் தாங்கமுடியாமற் போனால், அவர் செய்யும் முதற் காரியம் தெருமுனை மருந்துக்கடையில் ஓர் அலர்ஜி மாத்திரை கேட்டு வாங்குவதேயாகும். அதை வாயிலிடுமுன், "இது அந்த மருந்தோடு சேருமா?" என்ற சந்தேகம் எழுவது இயல்பு, எழ வேண்டியதும் அவசியம். ஆனால் அந்தச் சந்தேகத்துக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் "சேரும்" அல்லது "சேராது" என்ற ஒற்றைச் சொல்லாகவே இருக்கிறது. இரண்டும் ஓரோரிடத்தில் உண்மை. இரண்டும் ஓரோரிடத்தில் அபாயம். எந்த ஒவ்வாமை மருந்து, எந்த வடிவத்துப் பொட்டாசியம், எந்தக் காரணத்துக்காக அது கொடுக்கப்பட்டது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே சேர்க்கை தகுமா தகாதா என்று தீர்மானிக்க இயலும். இம்மூன்றையும் முறையாக எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒவ்வாமை மருந்துகளின் வரலாறு

தேகம் தனக்குப் பகையல்லாத ஒரு பொருளையும் பகையென்று கருதிக் கிளர்ந்தெழும் நிலைக்கு, வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியரான கிளெமன்ஸ் ஃபொன் பிர்க்கே 1906-ஆம் ஆண்டில் 'அலர்ஜி' என்று பெயரிட்டார். அதற்கடுத்த ஆண்டில் விண்டௌஸ், ஃபோக்ட் என்ற ஜெர்மானிய ரசாயனிகள் ஹிஸ்டமின் என்ற பொருளைச் செயற்கையாக ஆக்கினர். 1910-இல் இங்கிலாந்தில் ஹென்றி டேலும் அவருடைய சகாவான லெய்ட்லாவும் அப்பொருள் பிராணிகளின் தேகத்தில் விளைவிக்கும் மாறுதல்களை விரிவாக எடுத்துரைத்தனர். இரத்தக் குழாய்கள் விரிவதும், மூச்சுக் குழாய்கள் சுருங்குவதும், தோல் தடித்துச் சிவந்து அரிப்பதும் ஹிஸ்டமினின் தொழில்கள் என்பது இவ்வாறு புலப்பட்டபின், அதைத் தடுத்து நிறுத்தும் ஔஷதம் ஒன்றைத் தேடும் முயற்சி தொடங்கியது. பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் தானியேல் போவே என்பவரும் ஆன்-மரீ ஸ்டௌப் என்ற பெண்மணியும் 1937-இல் முதல் ஹிஸ்டமின் எதிர்ப்புப் பொருளைக் கண்டுகாட்டினர். போவே 1957-இல் நோபல் பரிசு பெற்றார். அவர்கள் கண்ட பொருள் மனிதருக்குக் கொடுக்கத்தகாத அளவு விஷத்தன்மையுடையதாயிருந்தபோதிலும், அவர்கள் திறந்த வழியிலேயே பின்னர் டைஃபென்ஹைட்ரமின், புரோமெத்தஸின், ஃபெனிரமின், குளோர்ஃபெனிரமின் முதலான மருந்துகள் வரிசையாக வந்தன. நம் நாட்டு வீடுகளில் பெனாட்ரில் என்றும், பினர்கன் என்றும், அவில் என்றும் வழங்கியவை இத்தலைமுறையைச் சேர்ந்தவையே. சளிக்கும் தும்மலுக்கும் இன்று விற்கப்படும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் குளோர்ஃபெனிரமின் கலந்திருக்கிறது.

இம்முதற் தலைமுறை மருந்துகளுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு. ஹிஸ்டமின் சென்று பற்றும் இடங்களை மட்டும் அடைத்து நில்லாமல், அசிட்டைல்கோலின் என்ற நரம்புத் தூதுப்பொருள் பற்றும் இடங்களையும் இவை அடைத்துவிடுகின்றன. வாயில் உமிழ்நீர் ஊறுவதும், இரைப்பை அசைந்து உணவைக் கீழே தள்ளுவதும், குடல் நெளிந்து நெளிந்து அதை நடத்திச் செல்வதும், மூத்திரப்பை சுருங்கிச் சிறுநீரை வெளியேற்றுவதும் அசிட்டைல்கோலினின் ஆணையால் நிகழ்பவை. ஊமத்தையின் விஷம் ஏறியவனுக்கு நாவறண்டு, குடலோசை அடங்கி, சிறுநீர் தங்கிவிடுவதற்குக் காரணமான அட்ரோப்பின் என்ற சத்து எந்தத் துறையில் வேலை செய்கிறதோ, அதே துறையில்தான் இவையும் மெல்லிய அளவில் வேலை செய்கின்றன. அவில் சாப்பிட்டவருக்கு வாய் உலர்வதும், மலம் கட்டுவதும், மூளையில் இது ஹிஸ்டமினைத் தடுப்பதால் தூக்கம் அமுக்குவதும் யாவரும் அறிந்த அனுபவம். குளோர்ஃபெனிரமினோ வயது வந்தோர் தேகத்தில் பாதியளவு குறைவதற்கே சுமார் 20 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. ஆகையால் நாளுக்கு மூன்று வேளை அதைச் சாப்பிடுகிறவருடைய குடல் நாள் முழுவதுமே சற்று மந்தமாக இருக்கும் என்று கொள்ளலாம்.

பொட்டாசியத்தின் இயல்பு

சர் ஹம்ஃப்ரி டேவி 1807-ஆம் ஆண்டில் மின்சார பலத்தால் பிரித்தெடுத்த உலோகம் பொட்டாசியம். 1880-களில் லண்டனைச் சேர்ந்த சிட்னி ரிங்கர், தேகத்தினின்று வெளியே எடுத்த தவளையின் இருதயம் தொடர்ந்து துடிக்க வேண்டுமானால் அதைச் சூழ்ந்த திரவத்தில் கால்சியமும் பொட்டாசியமும் தக்க அளவில் இருந்தாக வேண்டும் என்று நிரூபித்தார். மனித தேகத்திலுள்ள பொட்டாசியத்தில் 100-க்கு 98 பங்கு உயிரணுக்களுக்கு உள்ளேயே அடங்கியிருக்கிறது. வெளியே இரத்தத்தில் உலவுவது மிகச் சிறு பகுதி. லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை என்ற குறுகிய எல்லைக்குள் அச்சிறு பகுதி நிற்கும் வரைதான் இருதயமும் தசைகளும் ஒழுங்காக இயங்கும். அளவு குறைந்தாலும் இருதயத் துடிப்பு தடம் புரளும். மிகுந்தாலும் தடம் புரளும். உட்கொள்ளும் பொட்டாசியத்தில் பெரும்பகுதியை, ஏறத்தாழ 90 சதவீதத்தை, வெளியேற்றும் பொறுப்பு சிறுநீரகத்தினுடையது.

ஆரோக்கியமான மனிதனுக்குப் பொட்டாசியத்தைத் தனியே மருந்தாகக் கொடுக்கவேண்டிய அவசியம் இல்லை. வாழைப்பழமும், கீரையும், பயறும், இளநீரும் அதை வேண்டுமளவு தருகின்றன. உலக சுகாதார நிறுவனம் வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 3,510 மில்லிகிராமாவது உணவின் மூலம் கிடைக்கவேண்டும் என்று கூறுகிறது. மருந்தாகப் பொட்டாசியம் வேண்டியவர்கள் அதை ஏதோ ஒரு வழியில் அளவுக்கு மீறி இழக்கிறவர்கள்: ஃப்ரூஸமைடு, ஹைட்ரோகுளோரோதயாஸைடு முதலான நீர் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள், ஓயாத வாந்தி பேதியால் வாடியவர்கள், ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் உட்கொள்கிறவர்கள். சிறுநீரகக் கல் உண்டாகும் இயல்புடையவர்களுக்குப் பொட்டாசியம் சிட்ரேட்டும் கொடுக்கப்படுகிறது. இவர்களெல்லாரும் ஏற்கெனவே நோயாளிகள் என்பதையும், இவர்களில் பலர் முதியவர்கள் என்பதையும் நாம் மறத்தலாகாது.

குடலில் நேரும் சந்திப்பு

இவ்விரு மருந்துகளும் இரத்தத்தில் ஒன்றையொன்று அழிப்பதுமில்லை. ரசாயன ரீதியாகச் சேர்ந்து விஷமாவதுமில்லை. அவற்றின் முதல் சந்திப்பு இரைப்பையிலும் குடலிலும் நிகழ்கிறது. அதிலும், பொட்டாசியம் திட மாத்திரையாக இருக்கும்போது மட்டுமே அச்சந்திப்பு கவலைக்குரியதாகிறது.

பொட்டாசியம் குளோரைடு சவ்வை உறுத்தும் ஓர் உப்பு. தண்ணீரில் கரைந்து விரவிச் செல்லும்போது அது குடலுக்குத் தீங்கு செய்வதில்லை. ஒரே இடத்தில் செறிந்து கரையுமானால் அவ்விடத்துச் சவ்வை அரித்துப் புண்ணாக்கும். இது வெறும் ஊகம் அன்று என்பதை வைத்திய உலகம் 1960-களில் துயரத்தோடு கற்றுக்கொண்டது. அக்காலத்தில் தயாஸைடு நீர் மாத்திரையும் பொட்டாசியம் குளோரைடும் ஒன்றாக அடங்கிய, இரைப்பையில் கரையாமல் குடலில் சென்று கரையும்படி மேற்பூச்சிட்ட மாத்திரைகள் ஏராளமாக வழங்கின. 1964-ஆம் ஆண்டில் ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் அறுவை வைத்தியர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டனர்: குடலடைப்பு என்றும் வயிற்றுவலி என்றும் வந்த நோயாளிகளின் சிறுகுடலை அறுத்துப் பார்த்தபோது, குடலைச் சுற்றி மோதிரம் போலப் புண்ணும், அப்புண் ஆறி இறுகிய சுருக்கமும் காணப்பட்டன. அவர்களில் பலர் மேற்சொன்ன மாத்திரையைச் சாப்பிட்டு வந்தவர்கள். முதலில் குற்றம் நீர் மாத்திரையின்மேல் சுமத்தப்பட்டது. பின்னர்ப் பிராணிகளிடம் நடத்திய பரிசோதனைகள், தயாஸைடு நிரபராதி என்றும், குடலின் சிறு பரப்பில் திடீரெனக் கரைந்து செறிந்த பொட்டாசியம் குளோரைடே காரணம் என்றும் நிலைநாட்டின.

அதன் பயனாக மாத்திரையின் அமைப்பே மாறியது. மெழுகுச் சட்டத்துக்குள் உப்பை அடைத்து மெல்ல மெல்லக் கசியவிடும் மாத்திரைகளும், நுண்ணிய துகள்களாகப் பூச்சிட்டுச் சிதறச்செய்யும் குளிகைகளும் வந்தன. மெழுகு மாத்திரையில் உப்பு முழுவதும் கசிந்துபோன பின்பு அதன் வெறுங்கூடு சில சமயம் மலத்தில் வெளிப்படுவதைக் கண்டு, மருந்து ஜீரணமாகவில்லையென்று நோயாளிகள் அஞ்சுவதுண்டு. அந்த அச்சம் தேவையற்றது. பழைய மேற்பூச்சு மாத்திரையால் சிறுகுடற்புண் உண்டாவது, ஒருவர் ஓராண்டு மருந்து உண்பதை ஓர் அலகாகக் கொண்டால், 1,00,000 அலகுகளுக்கு 40 முதல் 50 வரை என்றும், மெழுகு மாத்திரையால் உண்டாவது ஒன்றுக்கும் குறைவு என்றும், தாமாக வந்த புகார்களை ஆதாரமாகக் கொண்டு அமெரிக்க மருந்துக் குறிப்பேடுகள் மதிப்பிடுகின்றன. முன்னேற்றம் மிகப் பெரிது. ஆனால் அது ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. மாத்திரை ஓரிடத்திலும் தங்காமல் நகர்ந்துகொண்டே செல்லவேண்டும் என்பதே அந்த நிபந்தனை.

அந்நிபந்தனையைத்தான் பழைய ஒவ்வாமை மருந்து குலைக்கக்கூடும். குடலின் அசைவை அது மந்தப்படுத்துவதால், கடந்துபோகவேண்டிய மாத்திரை தயங்கி நின்று, தன் உப்பையெல்லாம் ஒரே இடத்தில் இறக்கிவிட இடமுண்டாகிறது. இக்கருத்தைச் சோதித்துப் பார்த்த ஆராய்ச்சிகளும் உண்டு. நாளொன்றுக்கு 96 மில்லிமோல் என்ற பெருத்த அளவில் மெழுகு மாத்திரைகளை வெறுவயிற்றில் கொடுத்து, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும் அசிட்டைல்கோலின் எதிர்ப்பு மருந்தொன்றையும் உடன் கொடுத்து, பின்னர் உள்நோக்குக் கருவியால் பார்த்தபோது, இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் புண்கள் அதிகமாகக் காணப்பட்டன. அப்புண்கள் வலியோ இரத்தக் கசிவோ இன்றியே இருந்தன என்பதையும், வழக்கமான அளவில் வழக்கமான முறையில் மருந்து கொடுத்த சோதனைகளில் அத்தகைய வேறுபாடு தெளிவாகப் புலப்படவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லியாகவேண்டும். ஆகவே, பொட்டாசியம் மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் அவில் ஒன்றை விழுங்கிவிட்டால் குடல் புண்ணாகிவிடும் என்று பயமுறுத்துவது நியாயமன்று. எனினும், மாத்திரை செல்லும் பாதையில் தடையோ தாமதமோ உள்ளவர்களுக்குத் திட வடிவப் பொட்டாசியம் கூடாது என்பது குறிப்பேடுகள் யாவும் வலியுறுத்தும் விதி. அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்துகளை அளவோடு, தொடர்ந்து உண்பது அத்தகைய தாமதத்துக்கு ஒரு காரணம். அமெரிக்காவில் கடைகளில் தடையின்றிக் கிடைக்கும் பொட்டாசியத் துணைமாத்திரைகள் பலவும் 99 மில்லிகிராமோடு நின்றுவிடுவதற்கும் இச்சிறுகுடற்புண் பற்றிய எச்சரிக்கையே பின்னணி.

இவ்வபாயம் மிகுதியாக உள்ள ஒரு சாராரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இளம்பிராயத்தில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இருதயத்தின் ஈரிதழ் வால்வு சுருங்கிப்போனவர்கள் நம் நாட்டில் இன்னும் நிறைய இருக்கிறார்கள். பெண்கள் அவர்களிற் பலர். வால்வு சுருங்கியதால் இருதயத்தின் இடது மேலறை புடைத்து வீங்கி, தனக்குப் பின்னாலேயே இறங்கும் உணவுக்குழலை அமுக்கத் தொடங்கும். அத்தகைய நோயாளிக்கு மூச்சிரைப்பு தணிய நீர் மாத்திரையும், அதற்கு ஈடாகப் பொட்டாசியமும் எழுதப்படுகின்றன. அப்பொட்டாசியம் மாத்திரையை அவர் இரவு படுக்கப்போகும் நேரத்தில் ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே சாய்ந்தால், அது உணவுக்குழலின் அமுங்கிய இடத்தில் சிக்கிக்கொண்டு அங்கேயே கரைந்து, சுவரை அரித்துப் புண்ணாக்குவதுண்டு; இவ்விதம் நேர்ந்த உணவுக்குழற் புண்களும் சுருக்கங்களும் வைத்திய நூல்களில் பதிவாகியுள்ளன. இதே நோயாளி அரிப்புக்காக அவிலும் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உமிழ்நீர் வற்றிய வாயும், அசைவு குறைந்த உணவுக்குழலும், தூக்க மயக்கத்தில் உடனே படுத்துவிடும் உடம்பும் ஒருங்கு சேர்கின்றன. மூன்றும் மாத்திரை சிக்குவதற்கு அனுகூலம் செய்பவை. இவருக்குத் தரவேண்டிய பொட்டாசியம் கரைசல் வடிவத்தில் இருக்கவேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை.

கரைசல் சுவையில் கைப்பும் உவர்ப்பும் கலந்தது, குமட்டலை உண்டாக்குவது, ஆதலால் நோயாளிகள் மாத்திரையையே விரும்புகிறார்கள். வழக்கமான 10 சதவீதக் கரைசலில் 15 மில்லிலிட்டர் எடுத்தால் அதில் 1.5 கிராம் உப்பு, அதாவது 20 மில்லிமோல் பொட்டாசியம், அடங்கியிருக்கும். அதை ஒரு தம்ளர் தண்ணீரில் நன்றாகக் கலந்து, உணவுக்குப் பிறகு மெதுவாகப் பருகினால் குமட்டல் பெரும்பாலும் அடங்கிவிடும். குடல் மந்தமாயிருந்தாலும் கரைசல் ஓரிடத்தில் செறிந்து நிற்பதில்லை என்பதே அதன் பெரு நன்மை.

இருதயத்தில் நேரும் சந்திப்பு

குடலைக் கடந்து இருதயத்துக்கு வந்தால், விஷயம் தலைகீழாக மாறுகிறது. குடலில் பொட்டாசிய மருந்து இடையூறாக இருந்தது. இருதயத்திலோ பொட்டாசியக் குறைவே இடையூறு.

ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இருதய உயிரணுக்கள் தம் மின்னேற்றத்தைத் தணித்துக்கொண்டு அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாகின்றன. அணுவிலிருந்து பொட்டாசியம் வெளிச்செல்லும் நுண்வாயில்கள் அதற்கு உதவுகின்றன. அவ்வாயில்களை ஒரு மருந்து அடைத்தால் தணிதல் தாமதமாகி, இ.சி.ஜி.யில் க்யூ-டி எனப்படும் இடைவெளி நீளும். நீளம் மிகுந்தால், 1966-இல் பிரெஞ்சு வைத்தியர் டெசர்ட்டென் விவரித்த டோர்சாட் டி புவான்ட் என்ற, மயக்கத்திலும் மரணத்திலும் முடியக்கூடிய தாளக்கேடு பிறக்கலாம். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருக்கும்போது இவ்வாயில்கள் இயல்பாகவே தளர்ந்திருப்பதோடு, மருந்தின் அடைப்புக்கும் எளிதில் இரையாகின்றன.

தூக்கம் தராத புதிய ஒவ்வாமை மருந்து என்று உலகம் வரவேற்ற டெர்ஃபெனடின் இவ்வகையில் ஒரு பெரும் பாடம். 1985-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அம்மருந்து, சாதாரணமாகக் கல்லீரலில் உடனுக்குடன் ஃபெக்ஸோஃபெனடின் என்ற தீங்கற்ற பொருளாக மாறிவிடும். கீட்டோகோனஸோல் என்ற பூஞ்சை மருந்தோ எரித்ரோமைசினோ அம்மாற்றத்தைத் தடுத்தால், மாறாத டெர்ஃபெனடின் இரத்தத்தில் குவிந்து இருதயத்தைத் தாக்கும். டெர்ஃபெனடினையும் கீட்டோகோனஸோலையும் சேர்த்து உண்ட 39 வயதுப் பெண் ஒருவருக்கு இத்தாளக்கேடு நேர்ந்த செய்தி 1990-இல் வெளியாகி, மருந்துச் சேர்க்கையைப் பற்றிய உலகத்தின் சிந்தனையையே மாற்றியது. பொட்டாசியக் குறைவும் அம்மருந்துக்கு முரணான நிலைகளில் ஒன்றாக எண்ணப்பட்டது. 1998-இல் டெர்ஃபெனடினும், 1999-இல் அதே குற்றமுடைய அஸ்டெமிஸோலும் அமெரிக்கச் சந்தையினின்று நீங்கின. இந்தியாவிலும் இரண்டும் பின்னர்த் தடைசெய்யப்பட்டன. டெர்ஃபெனடினின் இடத்தை அதன் தீங்கற்ற விளைபொருளான ஃபெக்ஸோஃபெனடினே பிடித்துக்கொண்டது.

அவ்விரண்டும் மறைந்ததோடு இப்பிரச்சினை முற்றும் மறையவில்லை. அரிப்புக்கு மிகுதியாக எழுதப்படும் ஹைட்ராக்ஸிஸின் க்யூ-டி இடைவெளியை நீட்டக்கூடும் என்பதால், ஐரோப்பிய மருந்து முகமை 2015-இல் அதன் அளவை நாளொன்றுக்கு வயது வந்தோருக்கு 100 மில்லிகிராம், முதியோருக்கு 50 மில்லிகிராம் என்று வரையறுத்தது. எபாஸ்டின், ரூபாட்டடின் ஆகியவற்றின் குறிப்பேடுகளிலும் பொட்டாசியம் குறைந்தவர்களுக்கு எச்சரிக்கை வேண்டும் என்று காண்கிறோம். டைஃபென்ஹைட்ரமினும் அளவு மீறினால் இருதயத்தின் மின்னோட்டத்தைக் கெடுக்கும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. "அலர்ஜி மாத்திரையும் பொட்டாசியமும் சேராது" என்று அரைகுறையாகக் கேள்வியுற்ற நோயாளி, அரிப்பு தணியும்வரை பொட்டாசியத்தை நிறுத்திவைக்கலாம் என்று தாமாகவே தீர்மானித்து, நீர் மாத்திரையை மட்டும் தொடர்ந்தால், அவர் இரத்தத்தில் பொட்டாசியம் விழுந்து, மேற்சொன்ன மருந்துகளின் இருதய அபாயம் ஏறும். அவர் டிஜாக்ஸின் என்ற இருதய மருந்தும் சாப்பிடுகிறவரானால் அதன் நச்சுத்தன்மையும் கூடும். ஒரு சேர்க்கைக்கு அஞ்சி அதைவிடப் பெரிய தீங்கைத் தேடிக்கொள்வதாக அது முடியும். மாற்ற வேண்டுவது பொதுவாக ஒவ்வாமை மாத்திரையையோ பொட்டாசியத்தின் வடிவத்தையோதான். பொட்டாசியத்தையே நிறுத்துவது நோயாளியின் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று.

சிறுநீரகத்தில் நேரும் சந்திப்பு

மூன்றாவது சந்திப்பு சிறுநீரகத்தில். இரண்டாந் தலைமுறை ஒவ்வாமை மருந்தான செட்டிரிஸினில், உட்கொண்ட அளவின் பெரும்பகுதி மாறாமலே சிறுநீரில் கழிகிறது. பொட்டாசியமும் அவ்வழியே கழிகிறது. சிறுநீரகம் தளர்ந்தவரிடம் இரண்டும் தங்கிக் குவியும். ஒன்று மற்றொன்றைக் குவிக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. இரண்டுக்கும் வாசல் ஒன்று, அவ்வாசல் அடைபட்டிருக்கிறது. அத்தகையோருக்குச் செட்டிரிஸினின் அளவைக் குறைக்கவேண்டும். பொட்டாசியத்தையோ வைத்தியரின் நேர்ப் பார்வையிலும் இரத்தப் பரிசோதனையின் துணையோடும் அல்லாமல் கொடுக்கலாகாது. எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன், ஸ்பிரனோலாக்டோன் ஆகியவை பொட்டாசியத்தைத் தாமே உயர்த்துகிற மருந்துகள் என்பதையும் கருத வேண்டும்.

புராஸ்டேட் சுரப்பி வீங்கிய வயோதிகரின் நிலை இன்னும் நுட்பமானது. அவருக்குச் சிறுநீர் ஏற்கெனவே தடைபட்டே இறங்குகிறது. சளி மாத்திரையிலுள்ள குளோர்ஃபெனிரமின் மூத்திரப்பையின் சுருங்கும் சக்தியைக் குறைத்தால் சிறுநீர் அடியோடு கட்டிக்கொள்ளும்; கட்டு நீடித்தால் சிறுநீரகம் பழுதுபட்டு, வழக்கம்போல் உட்கொண்ட பொட்டாசியமே இரத்தத்தில் ஏறத் தொடங்கும். பொட்டாசியம் மிகுந்தால் தோன்றும் அறிகுறி தசைத் தளர்ச்சி. பல சமயங்களில் அறிகுறியே இல்லாமலும் போகும். அவர் சோர்ந்து கிடப்பதை மாத்திரையின் தூக்கமென்று வீட்டார் எண்ணிவிடுவதற்கும் இடமுண்டு. முதியோருக்கு முதற் தலைமுறை ஒவ்வாமை மருந்துகளைத் தவிர்க்கவேண்டும் என்று, அமெரிக்க முதியோர் வைத்திய நிபுணர் மார்க் பியர்ஸ் 1991-இல் தொடங்கிவைத்த தகாமருந்துப் பட்டியல் இன்றளவும் வற்புறுத்துவதன் நியாயம் இதனால் நன்கு விளங்கும்.

உடன்வரும் மருந்துகள்

ஒவ்வாமைக்குக் கொடுக்கப்படுபவை யாவும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகளல்ல. பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் முதலான ஸ்டீராய்டுகள் சிறுநீர் வழியே பொட்டாசியத்தைக் கழியச் செய்கின்றன. இழுப்புக்குக் கொடுக்கும் சால்புட்டமாலும், கடும் ஒவ்வாமையில் உயிர்காக்கப் போடும் அட்ரினலின் ஊசியும், இரத்தத்துப் பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் தள்ளித் தற்காலிகமாகக் குறைக்கின்றன. மூக்கடைப்புக்கான சூடோஎபிட்ரின் கலந்த மாத்திரையைப் பொட்டாசியம் சிட்ரேட்டோடு சாப்பிட்டால் வேறொரு விளைவு உண்டு: சிட்ரேட் சிறுநீரைக் காரத்தன்மையாக்குவதால் சூடோஎபிட்ரின் கழிவது தாமதப்பட்டு, படபடப்பும் தூக்கமின்மையும் நீளலாம். மான்டிலூக்காஸ்ட் பொட்டாசியத்தோடு முரண்படுவதாக இல்லை.

யாரும் எளிதில் கவனியாத இன்னொரு தொடர்பையும் இங்கே சொல்லவேண்டும். பொட்டாசியக் கரைசலின் சுவையை மறைக்க அதை ஆரஞ்சுச் சாற்றில் கலந்து பருகுவது பலருடைய வழக்கம். அதே வேளையில் ஃபெக்ஸோஃபெனடினையும் விழுங்கினால், ஆரஞ்சு, ஆப்பிள், பம்ப்ளிமாஸ் இனத்துக் கிரேப்ஃப்ரூட் ஆகியவற்றின் சாறு குடலில் அம்மருந்து உறிஞ்சப்படும் வழியைத் தடுத்து, அதன் பலனைக் கணிசமாகக் குறைத்துவிடும். அரிப்பு தணியவில்லையே என்று நோயாளி மருந்தைப் பழிப்பார்; பழி சாற்றினுடையது. ஃபெக்ஸோஃபெனடினைத் தண்ணீரோடு மட்டுமே விழுங்கவேண்டும். பொட்டாசியத்தைச் சாற்றில் கலந்தே தீரவேண்டுமானால் வேறொரு நேரத்தில் பருகலாம்.

ஆராய்ச்சியின் முடிவு

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், செட்டிரிஸின், லெவோசெட்டிரிஸின், லோரட்டடின், ஃபெக்ஸோஃபெனடின் ஆகிய இரண்டாந் தலைமுறை மருந்துகள், சிறுநீரகம் செவ்வையாக இயங்குகிறவரிடத்தில், பொட்டாசியத்தோடு அபாயகரமான முரண்பாடு எதையும் காட்டுவதாக அறியப்படவில்லை. அவை குடலை மந்தப்படுத்துவது சொற்பம்; வழக்கமான அளவில் இருதயத்தின் பொட்டாசிய வாயில்களைத் தொந்தரவு செய்வதுமில்லை. அவில், குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின், புரோமெத்தஸின், ஹைட்ராக்ஸிஸின், சைப்ரோஹெப்டடின் முதலான பழைய மருந்துகளைத் திடப் பொட்டாசியம் மாத்திரையோடு தொடர்ந்து சாப்பிடுவது தவிர்க்கத்தக்கது. உணவுக்குழலிலோ குடலிலோ தடையுள்ளவருக்கு அது விலக்கத்தக்கது. பழைய மருந்தே வேண்டும் என்று வைத்தியர் கருதினால், பொட்டாசியத்தைக் கரைசலாக மாற்றிக்கொள்வது நேரான பரிகாரம்.

மாத்திரையையே உண்ண நேர்ந்தவர்கள் அதை உடைக்காமலும் மெல்லாமலும், உணவோடு, நிறையத் தண்ணீர் குடித்து, நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்கவேண்டும், உடனே படுக்கலாகாது. விழுங்கும்போது நெஞ்சில் அடைப்பதுபோல் தோன்றினாலும், கடும் வயிற்றுவலியோ வயிற்று உப்புசமோ ஓயாத வாந்தியோ கண்டாலும், மலம் தார்போல் கறுத்துப் போனாலும், காலந்தாழ்த்தாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். படபடப்பும் மயக்கமும் கைகால் தளர்ச்சியும் இரத்தத்துப் பொட்டாசியத்தைப் பார்க்கவும் இ.சி.ஜி. எடுக்கவும் போதுமான காரணங்கள்.

நம் ஊர் மருந்துக்கடைகளில் மாத்திரைப் பட்டையைக் கத்தரித்து, இரண்டோ மூன்றோ கொடுக்கும் வழக்கம் உண்டு. அத்துண்டில் மருந்தின் பெயர் பாதியே தெரியும், அதிலுள்ள கூட்டுப்பொருள்கள் தெரியவே தெரியா. சளி மாத்திரை என்ற பொதுப்பெயரில் பழைய ஒவ்வாமை மருந்து ஒளிந்திருப்பதை நோயாளி எவ்வாறு அறிவார்? கடைக்காரர் ஒருவர் இவ்விஷயத்தில் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம், மாத்திரையை நீட்டுமுன் "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்பதுதான். அவர் கேட்காவிட்டாலும், பொட்டாசியம் சாப்பிட்டு வருகிற அன்பர்கள் அதைத் தாமாகவே சொல்லவேண்டும். தாம் உண்ணும் மருந்துகள் எல்லாவற்றின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொண்டு, வைத்தியரிடமும் கடைக்காரரிடமும் எடுத்துக் காட்டவேண்டும். முதியோர் உள்ள வீடுகளில் அத்தாளை எழுதிக்கொடுக்கும் கடமையைப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்ளுமாறு மிகவும் வேண்டிக்கொள்கிறேன்.